ஐரிஷ் பெயரின் பொருளையும் பிறப்பையும் கண்டறிவது எப்படி: ‘நீவ்’ என்னும் பெயரை முன்வைத்து

குழந்தைக்கு ஐரிஷ் பெயர் சூட்ட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பெயர்ப் பட்டியல்களைத்தான். அவற்றில் ஒரு பெயருக்கு ஒரு சொல் என்ற கணக்கில் பொருள் தரப்பட்டிருக்கும். ‘நீவ்’ என்ற பெயருக்கு எதிரே ‘ஒளி’ என்றிருக்கும். ‘ஸொரகா’ என்ற பெயருக்கு எதிரேயும் ‘ஒளி’ என்றிருக்கும். சில பட்டியல்களில் அதே ஸொரகாவுக்கு ‘இளவரசி’ என்ற பொருளும் காணப்படும். இரண்டு பெயர்களும் ஒரே ஒளியைத்தான் குறிக்கின்றனவா, இளவரசி எங்கிருந்து வந்து சேர்ந்தாள் என்ற கேள்விகளுக்கு அங்கே விடை கிடைக்காது. ஒரு பெயர் எந்த வழியாக இன்றைய வடிவத்தை அடைந்தது என்பதை உறுதிசெய்யாமல் பொருளைத் தேடினால், வேறொரு பெயரின் பொருளே கையில் கிடைக்கக்கூடும். ஐரிஷ் பெயர்களில் இது அடிக்கடி நிகழ்கிறது. அந்த வழியைப் பின்தொடர்ந்து செல்லும் முறையை, நீவ் என்னும் பெண்பெயரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

எழுத்துக்கூட்டலைச் சரியாகப் பெறுங்கள்

நீவ் என்ற பெயரை ஐரிஷ் மொழியில் என், ஐ, ஏ, எம், எச் ஆகிய ஐந்து எழுத்துகளால் எழுதுகிறார்கள். ஆங்கில வாசிப்புப் பழக்கம் உள்ளவர் இதை ‘நியாம்’ என்றே படிப்பார். ஐரிஷ் எழுத்துமுறையில் ஒழுங்கு இல்லை என்று பலரும் எண்ணுவது இத்தகைய அனுபவத்தால்தான். உண்மையில் அதற்கு உறுதியான விதிகள் உண்டு, அவை ஆங்கிலத்தின் விதிகள் அல்ல என்பதே வேறுபாடு. மரபான ஐரிஷ் நெடுங்கணக்கில் 18 எழுத்துகளே இருந்தன. ‘வி’ என்ற எழுத்து அவற்றுள் இல்லை. ‘வ்’ ஒலி வேண்டுமானால் ‘எம்’ அல்லது ‘பி’ எழுத்தை அடுத்து ‘எச்’ சேர்த்து எழுதுவார்கள். அந்த ‘எச்’ தனக்கென ஓர் ஒலி இல்லாதது. முந்தைய மெய்யெழுத்து மெலிந்து ஒலிக்கிறது என்பதைக் காட்டும் குறி மட்டுமே. இந்த மெலிதலை ஐரிஷ் மொழியில் ‘ஷேவூ’ என்கிறார்கள்.

பழைய ஐரிஷ் அச்செழுத்துகளில் இந்த ‘எச்’ கிடையாது. மெலியும் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைக்கப்பட்டது. எனவே பழைய கல்லறைக் கல்லிலோ பழைய அச்சு நூலிலோ நீவ் என்ற பெயரைக் காண்பவர், ‘எம்’ எழுத்தின் மேல் புள்ளியுடன் நான்கே எழுத்துகளைத்தான் காண்பார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமன் எழுத்துருவுக்கு மாறியபோதுதான் புள்ளியின் இடத்தை ‘எச்’ முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது.

அடுத்து உயிரெழுத்துகளைக் கவனிக்க வேண்டும். ‘ஈ’, ‘ஐ’ ஆகிய எழுத்துகளின் அருகில் நிற்கும் மெய் மென்மையாகவும், ‘ஏ’, ‘ஓ’, ‘யூ’ ஆகியவற்றின் அருகில் நிற்கும் மெய் அகன்றும் ஒலிக்கும். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டாலே பல பெயர்களை வாசித்துவிடலாம்: ‘எஸ்’ எழுத்தை அடுத்து ‘ஈ’ அல்லது ‘ஐ’ வந்தால் அது ‘ஷ்’ என்று ஒலிக்கும், ஷான், ஷிவான், ஷினேட் ஆகிய பெயர்கள் எல்லாம் ‘எஸ்’ எழுத்தில் தொடங்குவதற்குக் காரணம் இதுவே. உயிரெழுத்தின் மேல் சாய்வாக இடப்படும் ‘ஃபாடா’ என்னும் நீட்டல் குறியை அலங்காரமாகக் கருதி விட்டுவிடக் கூடாது. ஷான் என்ற பெயரில் அந்தக் குறியை நீக்கிவிட்டால் எஞ்சுவது ‘பழைய’, ‘முதிய’ என்று பொருள்படும் வேறொரு சொல்.

ஒலியிலும் ஒரே சரியான வடிவம் என்று எப்போதும் இருப்பதில்லை. நீவ் என்பதை ஓரசையாகச் சொல்பவர்களும் ‘நீயவ்’ என்று இழுத்துச் சொல்பவர்களும் உண்டு. கீவ என்ற பெயர் சில பகுதிகளில் ‘க்வீவ’ என்று ஒலிக்கும். மன்ஸ்டர், கோனக்ட், உல்ஸ்டர் ஆகிய வட்டார வழக்குகளுக்கு இடையே உள்ள வேறுபாடுகள் இவை. ஒன்று சரி, மற்றது பிழை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் எந்த வழியில் வந்தது?

முழுத் தேடலிலும் அதிகப் பொறுமையைக் கோருவது இந்தக் கட்டம்தான். ஐரிஷ் வடிவத்தில் இருப்பதெல்லாம் ஐரிஷ் வேரிலிருந்து பிறந்தவை அல்ல. 1169-இல் நார்மன்கள் அயர்லாந்துக்கு வந்தபின், அவர்களுடைய பிரெஞ்சுப் பெயர்கள் ஐரிஷ் நாவில் உருமாறின. ஷான் என்பது யோவான் என்ற பெயரின் பிரெஞ்சு வடிவத்திலிருந்து வந்தது. ஷிவான், ஷினேட் ஆகியவை அதன் பெண்பால் வடிவங்களிலிருந்து வந்தவை. எனவே இவற்றின் வேர்ப்பொருளைத் தேடுகிறவர் எபிரேய மொழிக்குத்தான் செல்ல வேண்டும். ‘கடவுள் அருள்மிக்கவர்’ என்பது அந்தப் பொருள். உலகெங்கும் ஐரிஷ் பெயராக அறியப்படும் லியம், வில்லியம் என்பதன் ஐரிஷ் வடிவமான ‘உல்லியம்’ என்பதன் குறுக்கம். அதன் வேர் ஜெர்மானியம்.

கிறித்தவம் கொண்டுவந்த பெயர்களுக்கு இன்னொரு தன்மை உண்டு. புனித பேட்ரிக்கின் பெயர் லத்தீனிலிருந்து வந்தது. ஆனால் நெடுங்காலம் அந்தப் பெயரை நேரடியாகப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டதால், ‘பேட்ரிக்கின் அடியவன்’ என்று பொருள்படும் கூட்டுப்பெயர்களையே வைத்தார்கள். அன்னை மரியாளின் பெயருக்கு ஐரிஷ் மொழியில் ‘முய்ர’ என்ற வடிவம் தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மற்றப் பெண்களுக்கு ‘மாய்ரா’ என்ற வேறு வடிவம்தான் வழங்குகிறது. பக்தி ஒரு மொழியின் பெயர்வழக்கையே இப்படி வகுத்துவைத்திருப்பது எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றும் செய்தி.

நவீன காலத்தில் சாதாரணச் சொற்கள் பெயராகியிருப்பதும் உண்டு. ஸீர்ஷ என்பது ‘விடுதலை’ என்ற பொருளுடைய சொல். இருபதாம் நூற்றாண்டின் விடுதலைப் போராட்ட உணர்விலிருந்துதான் அது பெண்பெயராயிற்று. அதைத் தொன்மையான கெல்டிக் பெயர் என்று எழுதும் பட்டியல்களை நம்ப வேண்டாம். அதன் பெருமைக்குத் தொன்மை தேவையுமில்லை.

இனி, இளவரசிக்கு வருவோம். ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் பதிவேடுகளில் ஐரிஷ் பெயர்களுக்குப் பதிலாக ஆங்கிலப் பெயர்கள் எழுதப்பட்டன. ஒலியிலோ தொடக்க எழுத்திலோ சிறிது ஒத்துப்போனாலே போதும் என்ற அளவில் இந்த மாற்று நடந்தது. பொருளை யாரும் பார்க்கவில்லை. டைக் என்பவர் டிமதியானார், டீர்மிட் என்பவர் ஜெரமையாவானார், கொனஹூர் என்பவர் கொர்னீலியஸ் ஆனார், கொப்நட் என்ற பெண் அபிகேல் ஆனாள். ஸொரகா என்பவள் சாரா ஆனாள். தமிழ் விவிலியத்தில் சாராள் என்று நாம் அறிந்த அந்த எபிரேயப் பெயருக்குத்தான் ‘இளவரசி’ என்று பொருள். பட்டியல் தொகுத்தவர் சாராவின் பொருளை எடுத்து ஸொரகாவின் மேல் ஒட்டிவிட்டார். டைக் என்றால் ‘கவிஞன்’. டிமதி என்றால் கிரேக்கத்தில் ‘கடவுளைப் போற்றுபவன்’. ஆகவே ஒரு ஐரிஷ் பெயருக்குப் பொருத்தமற்ற விவிலியப் பொருளோ கிரேக்கப் பொருளோ தரப்பட்டிருந்தால், அந்தப் பெயருக்கு ஈடாக எந்த ஆங்கிலப் பெயர் எழுதப்பட்டது என்று பாருங்கள். பெரும்பாலும் குழப்பத்தின் மூலம் அங்கேதான் இருக்கும்.

பழைய வடிவத்தை அகராதியில் தேடுங்கள்

பெயர் ஐரிஷ் வேருடையது என்று தெளிந்தபின் அகராதியைத் திறக்கலாம். ராயல் ஐரிஷ் அகாதெமி 1913 முதல் 1976 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ஐரிஷ் மொழி அகராதி, ஏறத்தாழ 700 முதல் 1700 வரையிலான எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டது; இப்போது இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இன்றைய எழுத்துக்கூட்டலைத் தட்டச்சு செய்தால் அங்கே பல பெயர்கள் அகப்படா. பழைய ஐரிஷில் எம், பி, டி, ஜி ஆகிய எழுத்துகளின் மெலிதல் எழுத்தில் காட்டப்படவில்லை என்பதால், இவற்றை அடுத்து வரும் ‘எச்’ எழுத்தை நீக்கிவிட்டுத் தேட வேண்டும். நீவ் என்ற பெயரில் இறுதி ‘எச்’ போனால் ‘நீயம்’ என்ற பழைய வடிவம் கிடைக்கிறது. மேவ் என்ற பெயரின் நீண்ட எழுத்துக்கூட்டல் இப்படித்தான் ‘மெட்ப்’ என்ற நான்கெழுத்து வடிவமாகச் சுருங்குகிறது.

1940-களில் தொடங்கி 1958-இல் அதிகாரபூர்வத் தரமாக வெளிவந்த எழுத்துச் சீர்திருத்தத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். அப்போது ஒலிக்காத எழுத்துகள் பல நீக்கப்பட்டன. ஃபீய என்ற பெண்பெயர் இன்றும் பழைய முறையில் ‘டி’, ‘எச்’ சேர்த்தே எழுதப்படுகிறது. இன்றைய அகராதியில் அந்தச் சொல் அவ்விரு எழுத்துகளும் இல்லாமல், ‘மான்’ என்ற பொருளுடன் இருக்கும். பழைய வடிவத்தைத் தேடினால் காட்டுத்தன்மை, காட்டு விலங்கு, அதிலிருந்து மான் என்று பொருள் விரிந்த வழி தெரியவரும். மத்தியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்கின்படி 2021-இல் அயர்லாந்தில் பெண் குழந்தைகளுக்கு மிக அதிகமாகச் சூட்டப்பட்ட பெயர் இதுதான்.

‘நீயம்’ என்பதற்கு அகராதி தரும் பொருள் பளபளப்பு, மெருகு, ஒளிர்வு என்பன. அதிலிருந்து பிறந்த வினைச்சொல் மெருகேற்றுதல், அழகுபடுத்துதல் என்ற பொருளில் வழங்கியது. ஆக, இது விளக்கின் ஒளியோ பகலின் வெளிச்சமோ அன்று. துலக்கப்பட்ட உலோகத்தின் மேற்பரப்பில் தோன்றும் மினுக்கம். ஸொரகா குறிக்கும் ஒளியோ இருளுக்கு எதிரானது. ‘டொரகா’ என்றால் இருண்டது, ‘ஸொரகா’ என்றால் ஒளிமிக்கது. இவ்விணையின் முன்னொட்டுகள், வடமொழிவழியாக நாம் அறிந்த ‘சு’, ‘துர்’ ஆகியவற்றின் உறவுகளே. ஐரிஷும் வடமொழியும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் இந்த உறவு. தமிழ் வேறு குடும்பம் என்பதை மறந்து தமிழ்ச் சொற்களோடு நேரடியாக இணைக்கும் முயற்சிகளைத் தவிர்க்க வேண்டும். பிரிகிட் என்ற புகழ்பெற்ற பெயரின் பொருள் ‘உயர்ந்தவள்’. அதன் வேரும் தஞ்சைப் பெரிய கோயிலின் பிருகதீஸ்வரர் என்ற பெயரிலுள்ள ‘பிருகத்’ என்பதன் வேரும் ஒன்றே என்பது மொழியியலில் உறுதிப்பட்ட செய்தி.

விகுதிகளைப் பிரித்துப் பார்ப்பதும் பயன்தரும். ஆண்பெயர்களின் இறுதியில் வரும் ‘ஆன்’, ‘ஈன்’ ஆகியவை சிறுமையும் செல்லமும் காட்டுபவை. ரோனான் என்பதில் ‘ரோன்’ என்றால் நீர்நாய் போன்ற கடல்வாழ் உயிரான சீல். எனவே பெயர் ‘குட்டி சீல்’ என்றாகிறது. உஷீன் என்றால் ‘மான்குட்டி’. கீவ என்ற பெண்பெயருக்கு மென்மை, அழகு ஆகியவற்றைக் குறிக்கும் சொல்லே அடிப்படை. கெவின் என்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரின் முற்பகுதியும் அதே சொல்தான், பிற்பகுதிக்குப் ‘பிறப்பு’ என்று பொருள். ஃபினூலா என்பது ‘வெண்ணிறம்’, ‘தோள்’ என்னும் இரு சொற்களின் கூட்டு.

சில பெயர்களைக் கல்லிலேயே காணலாம். ஏறத்தாழ நான்காம் நூற்றாண்டு முதல் கல்லின் விளிம்பில் கோடுகளாகப் பொறிக்கப்பட்ட ஓகம் எழுத்துகளில் நானூறு அளவுக்குக் கல்வெட்டுகள் எஞ்சியுள்ளன. அவற்றில் இருப்பவை பெரும்பாலும் இன்னாருடைய மகன் இன்னார் என்ற அளவிலான பெயர்களே. கெர்ரி மாவட்டத்தின் பிராண்டன் மலையில், அராக்ளென் என்னுமிடத்திலுள்ள கல், கோமகானின் மகனான ரோனான் என்ற குருவைக் குறிப்பிடுகிறது. இன்று தொட்டிலில் கிடக்கும் ஒரு குழந்தையின் பெயர் அந்த மலையின் கல்லில் அதே வேரோடும் அதே விகுதியோடும் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு ஈடான சான்றை எந்தப் பட்டியலும் தராது.

பெயரைச் சுமந்தவர்களின் கதையைப் படியுங்கள்

சொல்லின் பொருளோடு நிறுத்திக்கொண்டால் பாதித் தேடல்தான் முடிந்திருக்கும். ஐரிஷ்காரர் ஒருவர் நீவ் என்ற பெயரைக் கேட்டதும் நினைப்பது அகராதிப் பொருளை அன்று, பொற்கூந்தல் நீவை. ஃபின் என்ற தலைவனின் வீரர்குழுவான ஃபியன்னாவைப் பற்றிய கதைத்தொகுதியைச் சேர்ந்தவள் அவள். கிளேர் பகுதியைச் சேர்ந்த மிஹால் கொமீன் சுமார் 1750-இல் பாடிய நெடும்பாடலில் அவள் கதை முழுமையாக வருகிறது. கில்லார்னியின் லேன் ஏரிக்கரையில் ஃபியன்னா வீரர்கள் வேட்டையாடிக்கொண்டிருக்கும் பொழுதில், வெண்குதிரை மேல் அவள் வருகிறாள். ஃபின்னின் மகனும் கவிஞனுமான உஷீன் மேல் தான் கொண்ட காதலை அவளே வெளிப்படையாகச் சொல்கிறாள். அவனைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு கடல் கடந்து, முதுமையும் சாவும் இல்லாத ‘இளமை நாட்டுக்கு’ அழைத்துச் செல்கிறாள். அங்கே அவர்களுக்கு இரு ஆண்மக்களும் ஒரு பெண்ணும் பிறக்கிறார்கள்.

ஊர் நினைவு வந்து உஷீன் திரும்பிச் செல்ல விரும்பும்போது, குதிரையிலிருந்து இறங்கித் தரையில் கால் பதித்துவிடாதே என்று நீவ் மும்முறை எச்சரிக்கிறாள். அவன் வந்து பார்க்கும்போது அயர்லாந்தில் முந்நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஃபியன்னாவில் ஒருவரும் உயிரோடு இல்லை. ‘பாடும் பறவைப் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் இடத்தில், ஒரு பெரிய கற்பலகையின் கீழ் அகப்பட்டுத் தவிப்பவர்களுக்கு உதவ அவன் சேணத்திலிருந்தபடியே குனிந்து கல்லைத் தூக்கி எறிகிறான். அந்த விசையில் குதிரையின் வயிற்றுவார் அறுந்துவிடுகிறது. தரையைத் தொட்ட கணத்தில் அவன் பார்வையிழந்த கிழவனாகிறான். பின்னர் அவன் புனித பேட்ரிக்கிடம் தன் கதையைச் சொல்வதாகவே அந்தப் பாடல் அமைந்திருக்கிறது.

இந்தக் கதையைப் படித்தபின் ‘மெருகு’, ‘பளபளப்பு’ என்ற அகராதிப் பொருள்களுக்கு வேறோர் ஆழம் கிடைக்கிறது என்பது என் கருத்து. மங்காத பொன்னின் மினுக்கம் மூப்பில்லாத நாட்டுப் பெண்ணுக்குப் பொருந்துவது போல வேறெந்த ஒளியும் பொருந்தாது. அவள் தானே தேடிவந்து காதலைச் சொன்னவள், தடுக்க முடியும் நிலையிலும் தடுக்காமல் எச்சரித்து அனுப்பியவள் என்பதும் பெயர் சூட்டுகிறவர்கள் அறிய வேண்டிய பகுதி. உல்ஸ்டர் கதைத்தொகுதியிலும் நீவ் என்ற பெயருடைய ஒருத்தி, கோனல் கெர்னாக் என்ற வீரனின் மனைவியாக வருகிறாள். இருவரையும் ஒருவராகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதே முறையில் ஈஃப என்ற பெயரைத் தேடுகிறவர் மூவரைச் சந்திப்பார். குஹூலின் என்ற மாவீரனின் மகனைப் பெற்ற போர்வீராங்கனை ஒருத்தி. லிர் என்பவரின் பிள்ளைகளை அன்னங்களாக மாற்றிய சிற்றன்னை ஒருத்தி. மூன்றாமவள் வரலாற்றில் வாழ்ந்தவள்: லென்ஸ்டர் அரசனின் மகள், 1170-இல் வாட்டர்ஃபோர்டில் நார்மன் தலைவனான ஸ்ட்ராங்போவுக்கு மணம்செய்து கொடுக்கப்பட்டவள். மூவரில் யாரை நினைத்துப் பெயர் வைக்கிறோம் என்பதைப் பெற்றோர் தமக்குள் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பிள்ளை வளர்ந்து கேட்கும்போது விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்களே.

வழக்கில் இருந்த காலத்தைச் சரிபாருங்கள்

கதையில் தொன்மையானது என்பதால் ஒரு பெயர் மக்களிடையே தொடர்ந்து வழங்கிவந்தது என்று கொள்ள முடியாது. அயர்லாந்தில் முழுமையாக எஞ்சியுள்ள மிகப் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1901-ஆம் ஆண்டினுடையது. அதுவும் 1911-ஆம் ஆண்டினுடையதும் தேசிய ஆவணக் காப்பகத்தின் வழியாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் பக்கங்களில் மேரி, பிரிட்ஜெட், பேட்ரிக், ஜான் என்ற பெயர்களே வரிசையாக நிற்கும். 1893-இல் தொடங்கிய கேலிக் கழகத்தின் மொழிப் பணியும், உஷீனின் பயணத்தை வைத்து 1889-இல் நெடுங்கவிதை வெளியிட்ட யேட்ஸ் போன்றவர்களின் இலக்கிய மறுமலர்ச்சியும் பரவிய பின்னரே, நீவ் போன்ற கதைப்பெயர்கள் பெருமளவில் பிள்ளைகளுக்கு வந்தன. 1964 முதலான பெயர்களின் எண்ணிக்கையைப் புள்ளியியல் அலுவலகத்தின் தரவுத்தளத்தில் ஆண்டுவாரியாகப் பார்க்கலாம்.

சூட்டுவதற்கு முன்

ஆங்கில ஒலிக்கேற்ப எழுத்தை மாற்றிக்கொள்ளலாமா என்ற கேள்வி பலருக்கும் எழும். என், ஈ, வி, ஈ என்று நான்கெழுத்தில் எழுதினால் உச்சரிப்புத் தொல்லை குறையும் என்பது உண்மை. ஆனால் அதே எழுத்துகள் இத்தாலிய மொழியில் ‘பனி’ என்ற சொல்லாகும்; பின்னாளில் பொருள் தேடுகிறவர் அங்கே போய்ச் சேருவார். பழைய வடிவத்துக்குப் போகும் பாதை ‘எம்’, ‘எச்’ என்ற அந்த இரண்டு எழுத்துகளில்தான் இருக்கிறது என்பதால், அவற்றை விட்டுவிடாமல் எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். ஃபாடா உள்ள பெயரானால், பிறப்புப் பதிவுப் படிவத்தில் அந்தக் குறியைத் தெளிவாக இட்டு, சான்றிதழ் கைக்கு வந்தவுடன் அது விடுபடாமல் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக, ஐரிஷ் பேசுகிற ஒருவரிடம் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்துக் காட்டும்படி கேளுங்கள். ஐரிஷில் விளிக்கும்போது பெயரின் முதல் மெய் மெலியும்: மாய்ரா என்பவளை ‘அ வாய்ரா’ என்றும், ஷேமஸ் என்பவனை ‘அ ஹேமிஷ்’ என்றும் அழைப்பார்கள். ஸ்காட்லாந்தில் ஹேமிஷ் என்று தனிப்பெயராக வழங்குவது, அங்கே பேசப்படும் கேலிக் மொழியில் இதே பெயருக்கு இருக்கும் விளி வடிவத்திலிருந்து பிறந்ததுதான். நீவ் என்ற பெயரின் முதல் எழுத்து விளிக்கும்போதும் எழுத்தில் மாறுவதில்லை.